பொம்மைப் பொத்தானைப் புதிர்ப் போட்டிக்கு மாற்றியது: நான்கும் ஒரே ஆழத்தில் சொடுக்க வேண்டும்

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு பொத்தான்கள். எந்த இரண்டைச் சேர்த்து ஒரு பலகையால் அழுத்தினாலும் இப்போது 3 மில்லிசெகண்டுக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. பொம்மைப் பொத்தானை வாங்கிப் பிரித்து ஆர்டுயினோவோடு (நிரல் எழுதி ஓட்டுகிற சிறிய மின்னணுப் பலகை) இணைப்பது சீக்கிரமே முடிந்துவிடும். இந்த 3 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவருவதில்தான் வேலை முழுவதும் இருந்தது. செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

அக்கா செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிர்ப் போட்டி நடத்துகிறார். நான்கு குழு. யார் முதலில் கை தூக்கினார்கள் என்பதில் ஒவ்வொரு கேள்விக்கும் தகராறு. "பெரிய பொத்தானா வேணும்டா. பிள்ளைங்க மெதுவாத் தொட மாட்டாங்க, ஓங்கித்தான் அடிப்பாங்க. யார் முதல்லன்னு அதுவே காட்டணும்," என்றார்.

ஆர்கேட் விளையாட்டு இயந்திரத்துக்கான 100 மில்லிமீட்டர் குமிழ்ப் பொத்தான்கள் கிடைக்கின்றன. உள்ளேயே மைக்ரோசுவிட்ச், அதாவது சொடுக்குகிற சிறிய சுவிட்ச், இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆழமான பெட்டி ஒன்று செய்தாக வேண்டும், விலையும் கூடுதல். பொம்மைப் பொத்தான் என்றால் உடம்பு, மூடி, ஸ்பிரிங் எல்லாம் தயாராக வரும். அதனால் அந்தப் பக்கம் போனேன்.

முதலில் தேடியது பினாங்கின் லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் தரையில் துணி விரித்துப் பழைய பொம்மைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். குழந்தைகளின் பியானோ ஒன்று, ஸ்டீயரிங் பொம்மை ஒன்று, பட்டனை அழுத்தினால் மாடு கத்துகிற பலகை ஒன்று. "அண்ணே, மூணும் பத்து வெள்ளி," என்றார் கடைக்காரர்; வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். வாங்கிவிட்டேன். பொத்தான்கள் எல்லாம் விரல் அளவுதான், போட்டிக்கு ஆகாது. ஆனால் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க நல்ல பாடம் கிடைத்தது. பியானோவின் பேட்டரிப் பெட்டியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது அது. காரத்தன்மை உள்ளது என்பதால் சமையல் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். அப்புறம் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துக் காய வைக்க வேண்டும்.

மூன்று பொம்மையிலும் ஒரே அமைப்பு. மூடிக்குக் கீழே ரப்பர் குமிழ், அதன் அடியில் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு. பலகையில் சீப்புப் பற்களைக் கோத்து வைத்ததுபோல் இரண்டு தடங்கள். அழுத்தும்போது பொட்டு இரண்டையும் இணைக்கிறது. இது கம்பியும் கம்பியும் தொடுவது மாதிரி இல்லை. மல்டிமீட்டரை வைத்தால் நேராக அழுத்தும்போது 150 ஓம் காட்டுகிறது. ஓரமாகச் சாய்த்து அழுத்தினால் 2 கிலோ ஓம், சில இடத்தில் 3 கிலோ ஓம். தூசி படிந்ததை ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்தால் குறைகிறது, ஆனாலும் ஓரத்தில் ஏறத்தான் செய்கிறது. இந்த எண்களைக் குறித்து வைத்தது பிறகு உதவியது.

அடுத்து, இணையத்தில் நான்கு பொத்தான் கொண்ட செட் ஒன்று 28 வெள்ளிக்கு வாங்கினேன். அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, யார் முதலில் என்று சொல்லாது. மூடியின் விட்டம் 9 சென்டிமீட்டர். இரண்டு ஏஏஏ பேட்டரி. அடிப்பாகத்தின் ரப்பர் கால்களைப் பெயர்த்தால் நான்கு திருகு, பிஎச்0 திருப்புளி போதும். உள்ளே பெரிய ஸ்பிரிங், நடுவில் கீழ்நோக்கி ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதன் கீழே அதே ரப்பர் குமிழும் கார்பன் பொட்டும். ஒரு சிறிய ஸ்பீக்கர், 8 ஓம். கறுப்புப் பிசின் துளிக்குள் மறைந்த சிப்.

தடங்களிலிருந்து இரண்டு வயரை நேராக ஆர்டுயினோ நானோவுக்குக் கொண்டுபோவதுதான் என் முதல் திட்டம். அந்தச் சீப்புத் தடங்களில் வயரைப் பற்றவைக்கிற ஈயம் பிடிக்காது. செம்பின் மேல் கார்பன் மை பூசியிருக்கிறது. சூட்டைக் கூட்டினால் மை கருகி, தடமே உரிந்து வருகிறது. அதிலிருந்து சிப்பை நோக்கி ஓடுகிற மெல்லிய செம்புக் கோட்டைப் பிடிக்க வேண்டும். கத்தி முனையைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் சுரண்டினால் பச்சைப் பூச்சு பொடியாக வந்து கீழே செம்பு மின்னும். 3 மில்லிமீட்டர் நீளம் போதும். ஈயம் நன்றாக ஒட்ட ஃபிளக்ஸ் ஒரு துளி, 0.8 மில்லிமீட்டர் ஈயம், நுனியில் ஒரு தொடுகை. பிடித்துக்கொண்டது.

ஆனால் யாரும் தொடாமலேயே ஆர்டுயினோ "அழுத்தப்பட்டது" என்றது. பேட்டரி இல்லை, சிப்புக்கு மின்சாரம் இல்லை, ஆனாலும், அழுத்தாதபோது 5 வோல்ட் பக்கம் மேலே இருக்க வேண்டிய கோடு கீழேயே கிடந்தது. அளந்தால் 1 வோல்ட்டுக்கும் குறைவு. காரணம், சிப்பின் ஒவ்வொரு காலிலும் உள்ளே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கிறது. ஆர்டுயினோவின் புல்-அப் (கோட்டை மேலே இழுத்து வைக்கிற மின்தடை) வழியாக வருகிற சொற்ப மின்னோட்டம் அந்த டயோடு வழியாகப் புகுந்து, அணைந்து கிடக்கிற சிப்புக்கே மின்சாரம் கொடுக்கப் பார்க்கிறது. கோடு மேலே ஏற முடியாது. பொம்மைப் பலகையில் எதை இணைத்தாலும் முதலில் சிப்புக்குப் போகிற கோட்டை வெட்டிவிட வேண்டும். இரண்டு இடத்தில் குறுக்கே வெட்டி நடுவில் உள்ளதைச் சுரண்டி எடுத்தேன், உடனே சரியானது.

மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. 5 மீட்டர் சாதாரண இரட்டை வயரை இழுத்து வரவேற்பறையில் போட்டதும் வேறு கதை. சமையலறையில் குழல்விளக்கைப் போட்டால், மின்விசிறியை நிறுத்தினால், மஞ்சள் பொத்தான் தானாக விழுந்தது, அதாவது யாரும் அடிக்காமலேயே பதிவானது. நானோவில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்பின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம். நீளமான வயருக்கு அது பலவீனம், சுற்றியிருக்கிற மின் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தரைக்கு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் கோட்டுக்கு) ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டதும் இரைச்சல் அடங்கியது. ஆனால் இப்போது ஓரமாக அடித்தால் பொத்தான் வேலை செய்யவில்லை.

முன்னால் குறித்து வைத்த எண்கள் இங்கேதான் கை கொடுத்தன. 5 வோல்ட்டில் அந்தச் சிப் 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் "கீழ்" என்று உறுதியாக ஒத்துக்கொள்ளும். புல்-அப் 20 கிலோ ஓம் என்றால் பொத்தானின் மின்தடை 8.5 கிலோ ஓம் வரை இருக்கலாம். 4.7 கிலோ ஓம் என்றால் 2 கிலோ ஓம்தான் எல்லை. கார்பன் பொட்டு ஓரத்தில் 2, 3 கிலோ ஓம் காட்டுகிறது. இரைச்சலை அடக்கினால் பொட்டு பத்தாது, பொட்டைக் காப்பாற்றினால் இரைச்சல் வரும். குறுகிய வயரில், ஒரு பெட்டிக்குள்ளேயே முடிகிற திட்டத்துக்குக் கார்பன் பொட்டு தாராளமாகப் போதும், உள் புல்-அப்பே போதும். நீள வயருக்கு ஆகாது. பொம்மையின் மின்சுற்றை முழுதாகத் தூக்கிவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொள்ள அப்போதுதான் முடிவு செய்தேன்.

கையில் 6×6 மில்லிமீட்டர் டாக்ட் சுவிட்ச்கள் (மின்பலகையில் வைக்கிற சின்ன அழுத்து சுவிட்ச்) நிறைய இருந்தன. தண்டுக்குக் கீழே ஒன்றை வைத்து ஒட்டினேன். அழகாகச் சொடுக்கியது. அண்ணன் மகனை அழைத்து அடிக்கச் சொன்னேன். ஆறாம் ஆண்டுப் பையன், நன்றாகவே அடித்தான். சற்று நேரத்தில் சுவிட்சின் தகட்டு மூடி குழிந்து, உள்ளே உள்ள பொத்தான் மாட்டிக்கொண்டது. டாக்ட் சுவிட்ச் கால் மில்லிமீட்டர்தான் இறங்கும். பொம்மையின் மூடியோ 4.2 மில்லிமீட்டர் இறங்குகிறது. மீதி இறக்கத்தைத் தாங்குவதற்கு அந்தச் சுவிட்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. பொம்மையில் ரப்பர் குமிழ் அந்த வேலையைச் செய்து வந்தது. அதைத் தூக்கியதும் அடி முழுவதும் சுவிட்சின் மேல்.

ஆகவே சொடுக்கிய பிறகும் இறங்க இடம் தருகிற சுவிட்ச் வேண்டும். கொம்பு, அதாவது நெம்புத் தகடு, வைத்த மைக்ரோசுவிட்ச் அப்படிப்பட்டது. 20×10×6.4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய வகை, ஒன்று 1 வெள்ளி 20 காசு. பொத்தானுக்குள் படுக்க வைக்க இடம் சரியாக இருந்தது. மல்டிமீட்டரைத் தொடுப்பு வந்தால் சத்தம் போடுகிற நிலையில் வைத்து, வெர்னியர் அளவியின் ஆழக் கம்பியால் கொம்பை மெல்லத் தள்ளி அளந்தேன். 1.9 மில்லிமீட்டரில் சொடுக்குகிறது, அதன் பிறகு 1.5 மில்லிமீட்டர் இறங்கும். மொத்தம் 3.4. மூடியின் இறக்கமோ 4.2. மூடி அடிவரை போவதற்குள் கொம்பு முட்டிவிடும். அதனால் மூடியின் இறக்கத்தைக் குறைக்க வேண்டும்.

அதற்குக் காலாவதியான டச் அண்ட் கோ அட்டை (சுங்கக் கட்டணம் செலுத்துகிற அட்டை) நல்ல பொருள். வங்கி அட்டை, அடையாள அட்டை எல்லாம் ஒரே தரத்தில் 0.76 மில்லிமீட்டர் தடிமன். கத்தரித்து, மூடி வந்து முட்டுகிற மூன்று இடத்திலும் ஒவ்வொரு துண்டு எபாக்சியால் ஒட்டினேன். இறக்கம் 3.44 ஆனது. தண்டு கொம்பைத் தொடுவதற்கு முன் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். அப்படியானால் மூடி 2.2 மில்லிமீட்டர் இறங்கும்போது சொடுக்கும், அடியில் போய் நிற்கும்போது கொம்புக்கு இன்னும் கால் மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். அடி முழுவதும் பொம்மையின் விளிம்பு தாங்கும், சுவிட்ச் தாங்காது. சுவிட்சைச் சூட்டுப் பசையால் ஒட்டக்கூடாது. இந்த ஊர் வெயிலில், அதுவும் தினமும் அடி வாங்கும் இடத்தில், பசை மெல்ல நழுவும். சுவிட்சிலேயே ஓட்டை இருக்கிறது, எம்2 திருகு இரண்டு போட்டு ஒரு சிறு பிளாஸ்டிக் மேடையில் பிடித்து, மேடையை எபாக்சியால் ஒட்டினேன்.

உலோகத் தொடுப்பு வந்துவிட்டதால் புல்-அப்பை 1 கிலோ ஓமாகவே குறைத்துக்கொண்டேன். இரைச்சல் சுத்தமாக நின்றது. வயரையும் மாற்றினேன். 5 மீட்டர் லேன் (கணினி வலையமைப்பு) பேட்ச் கேபிளை ஒரு முனையில் வெட்டி, நீல ஜோடியைப் பொத்தானுக்கும் தரைக்கும், பழுப்பு ஜோடியை விளக்குக்கும் கொடுத்தேன். ஜோடியாக முறுக்கியிருப்பதால் இரைச்சல் குறைவு. பேட்ச் கேபிளாக இருப்பது முக்கியம். சுவருக்குள் ஓடுகிற லேன் வயர் ஒற்றைக் கம்பி, மடக்கி மடக்கி எடுத்தால் உடைந்துவிடும். மறுமுனையில் ஆர்.ஜே.45 பிளக் அப்படியே இருக்கிறது, நானோ இருக்கிற நடுப்பெட்டியில் செருகிக் கழற்றலாம். பொத்தானின் உள்பக்கம் கேபிளில் ஒரு முடிச்சும் ஒரு கேபிள் டையும்.

இனி, ஒரே ஆழம். வேகமாக அடிக்கிற கை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் 1 மில்லிசெகண்டுதான். ஆனால் கையைப் பொத்தான் மேலேயே வைத்துக் காத்திருந்து அழுத்துகிற பிள்ளைக்கு வேகம் அதில் பத்தில் ஒன்று. அதே 1 மில்லிமீட்டருக்கு 10 மில்லிசெகண்ட். நெருக்கமான போட்டியில் அது ஒரு குழுவுக்கு அநியாயம். எந்தக் குழுவுக்கு எந்தப் பொத்தான் என்பதை வைத்து முடிவு வரக்கூடாது.

சோதிக்க ஒரு சிறிய நிரல் எழுதினேன். முதல் பொத்தான் விழுந்ததும் மைக்ரோசெகண்டுக் கணக்கைக் குறித்து, இரண்டாவது விழுந்ததும் வித்தியாசத்தைக் காட்டும். இரண்டு பொத்தானையும் ஒட்டி வைத்து, மேலே சமையலறை வெட்டுப்பலகையைப் படுக்க வைத்து நடுவில் அழுத்துவது. பிறகு பொத்தான்களை இடம் மாற்றி மறுபடி அழுத்துவது. கை சாய்ந்ததால் வந்த வித்தியாசம் என்றால் இடம் மாற்றியதும் குறி (பிளஸ், மைனஸ்) மாறும். பொத்தானின் வித்தியாசம் என்றால் அப்படியே நிற்கும். பச்சை எப்போதும் சிவப்பை விட 11 மில்லிசெகண்ட் முன்னால். வெர்னியரால் பார்த்தால் பச்சையின் தண்டு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். ஒரே செட், ஒரே அச்சு என்று நினைத்தது தப்பு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுருங்கியிருக்கிறது, உப்புத்தாளில் தேய்த்த தடமும் சிலவற்றில் இருந்தது.

நீளமான தண்டைத் தேய்ப்பதா, குட்டையானதை உயர்த்துவதா? தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் பச்சையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்துவிட்டு, குட்டையானவற்றை உயர்த்திச் சரிசெய்தேன். 80 கிராம் ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். தண்டின் நுனி அளவுக்கு வட்டமாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முறை பலகையால் அழுத்திப் பார்ப்பது. சிவப்பில் நான்கு வட்டம், நீலத்தில் ஒன்று, பச்சையில் மூன்று, மஞ்சளுக்குத் தேவைப்படவில்லை. மஞ்சளை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டேன். கடைசியில் 1 முதல் 3 மில்லிசெகண்டுக்குள் வந்தது, இடம் மாற்றும்போது குறியும் மாறியது. அதற்கு மேல் என் கையின் சாய்வுதான். அங்கேயே நிறுத்தினேன்.

நிரலில் பெரிய வேலை இல்லை. நான்கு பொத்தானையும் 2 முதல் 5 வரையுள்ள கால்களில் கொடுத்து, டிஜிட்டல்ரீட் என்று ஒவ்வொன்றாகக் கேட்காமல் அந்தக் கால்கள் சேர்ந்திருக்கிற டி போர்ட் முழுவதையும் ஒரே வாசிப்பில் எடுத்தேன். நான்கும் ஒரே கணத்தின் படம். முதல் தொடுப்பே முடிவு என்பதால் துள்ளலைப் பற்றி (சொடுக்கும்போது தொடுபுள்ளிகள் ஒட்டி விலகி ஒட்டுவது) கவலை இல்லை, விழுந்ததும் பூட்டிவிடுகிறது. ஆசிரியருக்கு ஒரு தனிப் பொத்தான்: அழுத்தினால் மறுபடி தயார். நான்கும் விடுபட்டிருந்தால்தான் தயார் ஆகும் என்பதைப் பிறகு சேர்த்தேன். ஒரு குழு கேள்வி வருவதற்கு முன்னாலேயே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததை அக்கா சொன்னார். இப்போது அப்படிப் பிடித்திருந்தால் அந்தக் குழுவின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், விட்டால்தான் ஆட்டம் தொடரும்.

மூடிகள் ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் என்பதால் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி. 220 ஓம் ரெசிஸ்டரை நடுப்பெட்டியிலேயே வைத்தேன். கேபிள் எங்காவது நசுங்கி வயர்கள் தொட்டாலும் நானோவின் காலுக்கு ஆபத்து குறைவு. சத்தத்துக்கு ஒரு பொம்மையின் ஸ்பீக்கரையே எடுத்துக்கொண்டேன். 8 ஓம் ஸ்பீக்கரை நேராகக் காலில் கொடுத்தால் கால் தாங்காது, ஒரு 2என்2222 டிரான்சிஸ்டரும் தொடராக 47 ஓமும் வைத்தால் ஒரு மண்டபத்துக்குக் கேட்கிற அளவு வருகிறது.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. நானோ எடுக்கிற மின்னோட்டம் ரொம்பக் குறைவு, கைப்பேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. சாதாரணக் கைப்பேசி சார்ஜரோடு வேலை முடிந்தது. பள்ளி மண்டபத்தில் பிளக் இருக்கிறது, அக்காவுக்கு அதில் சிரமம் இல்லை.

செலவு: பொத்தான் செட் 28 வெள்ளி, நானோ 18, மைக்ரோசுவிட்ச் ஐந்து 6, பேட்ச் கேபிள் நான்கு 32, ஆர்.ஜே.45 சாக்கெட்டுகள் 12, பெட்டி 6, உதிரிகள் 5. மொத்தம் 107 வெள்ளி. லோரோங் குலிட்டில் வாங்கியதைச் சேர்க்கவில்லை. பொத்தானை விடக் கேபிளுக்குத்தான் அதிகம் போனது. குழுக்களை நெருக்கமாக உட்கார வைக்க முடிந்தால் 3 மீட்டர் போதும், அதில் கொஞ்சம் மிச்சமாகும்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். பொம்மைப் பலகையோடு மல்லுக்கட்டாமல் முதல் நாளே அதைக் கழற்றி வைத்துவிடுவேன். மைக்ரோசுவிட்சில் 0.1 ஆம்பியர் என்று குறித்த வகையைத் தேடி வாங்குவேன். அதில் தொடுபுள்ளிக்குத் தங்கப்பூச்சு உண்டு, சில மில்லிஆம்பியருக்கு அதுதான் பொருத்தம். நான் போட்டிருக்கிற 5 ஆம்பியர் வகையில் வெள்ளித் தொடுபுள்ளி, இந்த ஈரக் காற்றில் நாளடைவில் படலம் படியலாம். புல்-அப்பை 1 கிலோ ஓமாக வைத்து 5 மில்லிஆம்பியர் ஓட விட்டது அதற்காகவும்தான். அப்புறம் அந்தத் தாள் வட்டங்கள். தாள் ஈரத்தில் ஊறும், அடி வாங்கி நசுங்கும். பள்ளி விடுமுறையில் பொத்தான்கள் வீட்டுக்கு வரும்போது, பழைய ஓ.எச்.பி. (திரையில் படம் காட்டுகிற கருவி) பிளாஸ்டிக் தாளில் வட்டம் வெட்டி மாற்றப் போகிறேன். அதுவும் 0.1 மில்லிமீட்டர்தான், எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் எத்தனை வட்டம் என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.